பின் சீட்டுக்குச் சட்டம் வந்த கதை

எங்கள் வீட்டில் ராத்திரி படுக்கப் போகும் முன் காஸ் சிலிண்டரை மூடியாயிற்றா என்று பார்ப்பது என் வேலை. ஃபிரிட்ஜில் இருக்கும் சாம்பார் ஊசிவிட்டதா என்று முகர்ந்து சொல்வதும் என் இலாகாதான். தங்கமணிக்குச் சமையல் வராது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வைக்கும் மிளகு ரசத்துக்கு எங்கள் அபார்ட்மெண்டில் ரசிகர் மன்றமே உண்டு. ஆனால் அந்த ரசத்தின் வாசனை 2009லிருந்து அவருக்குத் தெரியாது. காபி, மல்லிகைப்பூ, மழை பெய்ததும் கிளம்பும் மண் வாசனை, எதுவும் தெரியாது.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

2009 ஆகஸ்ட். பெங்களூரில் பொட்டி தட்ட வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. புதிதாக வாங்கிய பைக். ஷோரூமில் பூஜை போட்டு, சாவியோடு ஒரு ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். கவனியுங்கள், ஒரு ஹெல்மெட். வண்டியின் சீட்டில் இரண்டு பேர் உட்காரலாம்.

மடிவாளாவில் நண்பன் வீட்டு ரிசப்ஷன் முடிந்து பி.டி.எம். லேஅவுட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டுத் தூறல். தங்கமணி பட்டுப்புடவையில், ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார். தோண்டிப் போட்ட சாலையில் ஜல்லியும் மணலும் பரவிக் கிடந்தன. வேகம் முப்பதுகூட இருக்காது. முன் சக்கரம் வழுக்கியது. நான் இடது பக்கம் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். ஹெல்மெட்டில் ஒரு கீறல். அவர் அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தார். பின்மண்டை தார் ரோட்டில் பட்டது.

ஆறு நாள் ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள். ஆபரேஷன் தேவைப்படவில்லை, பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நான் போட்ட காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்க, இதுல டிகாஷன் ஊத்தினீங்களா இல்லையா?" என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. பின்மண்டையில் அடி விழும்போது மூளை உள்ளே முன்னும் பின்னும் ஆடுகிறது. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகள் மெல்லியவை, அந்த ஆட்டத்தில் அறுந்துவிடும், பெரும்பாலும் திரும்ப வராது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

ஆஸ்பத்திரிக்கு விவரம் எழுத வந்த போலீஸ்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஓட்டினவர் ஹெல்மெட் போட்டிருந்தாரா?" போட்டிருந்தேன். "சரி" என்று எழுதிக்கொண்டார். அவர் மேல் தப்பே இல்லை. அன்றைக்கு பெங்களூரில் அமலில் இருந்த விதிப்படி நாங்கள் இருவருமே சரியாகத்தான் போனோம். அப்புறம் ஒரு நாள் தங்கமணி சொன்னார்: "உங்க தலைக்குச் சட்டம் இருந்துச்சு. என் தலைக்கு இல்லை. அவ்வளவுதான்."

அந்த வார்த்தை உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. ஏன் ஒரு தலைக்குச் சட்டம் இருக்கிறது, அதே வண்டியில் இருக்கும் இன்னொரு தலைக்கு இல்லை? அதைத் தேடிப்போன கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் வந்த வழி

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் முதலில் பந்தயக்காரர்களுக்காகத்தான் வந்தது. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்ற பந்தயத் தடத்தில் மருத்துவராக இருந்த எரிக் கார்ட்னர், தலையில் அடிபட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், கான்வாஸ் துணியில் அரக்குப் பூசி ஒரு கவசம் செய்யவைத்தார். 1914இல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் அது கட்டாயமாயிற்று. ஆனால் பந்தயத் தடத்துக்கு வெளியே, சாதாரண சாலையில் போகிறவர்கள் யாரும் அதைச் சீண்டவில்லை.

1935 மே மாதம் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தின் நிஜ நாயகனான டி.இ. லாரன்ஸ், தன் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையில் சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்து, தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. செய்தி கொண்டுபோகும் ராணுவ வீரர்கள் மோட்டார் சைக்கிளில் விழுந்து மண்டை உடைந்து வந்துகொண்டே இருந்தார்கள். கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார். 1941இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். தலையில் அடிபட்டு வந்தவர்களில் ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் ஏழே பேர்தான் அவர் பார்வைக்கு வந்தார்கள். ஏழு பேரும் பிழைத்துவிட்டார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 1946இல் இறப்புக் கணக்கு குறைந்திருப்பதையும் அவர் எழுதிக் காட்டினார்.

பொதுமக்களுக்கு வந்தது இன்னும் தாமதமாக. 1961இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் முதலில் சட்டம் போட்டது. பிரிட்டன் 1973இல். தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு பிரிட்டன் 1976இல் தனிச்சட்டம் போட்டு விலக்கு அளித்தது.

நம் சட்டத்தில் பின் சீட்டு இருந்தது

இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். இந்தியச் சட்டம் பின்னால் உட்காருபவரை ஆரம்பத்தில் மறந்துவிட்டது, பிறகு ஞாபகம் வந்து சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விஷயம் நேர் எதிர்.

1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 1977இல் ஹெல்மெட்டுக்கென்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அப்புறம் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 1988இல் புதுச் சட்டம் வந்தது, 1989 ஜூலை 1 முதல் அமல். அதில் 129ஆம் பிரிவு. சைடு கார் தவிர, மோட்டார் சைக்கிளை ஓட்டுகிற, அதில் பயணம் செய்கிற ஒவ்வொருவரும் பொது இடத்தில் தலைக்கவசம் அணிய வேண்டும் என்றது. ஓட்டுகிற 'அல்லது பயணம் செய்கிற'. தங்கமணியின் தலை அதில் இருக்கிறது! வாரைத் தாடையில் மாட்டியிருக்க வேண்டும் என்பதுகூட இருக்கிறது.

தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு அந்தப் பிரிவே விலக்குக் கொடுத்துவிட்டது. அதற்கும் கீழே இன்னும் ஒரு வரி. மாநில அரசு தனக்குச் சரி என்று படும் விதிவிலக்குகளைத் தன் விதிகளில் கொடுத்துக்கொள்ளலாம் என்று அப்போது இருந்தது.

பின் சீட்டு கீழே விழுந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். டெல்லியில் எழுதிய சட்டத்தில் இருந்த பெண்ணை, மாநிலங்கள் தங்கள் விதிகளில் இறக்கிவிட்டன. இறக்கிவிட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஹெல்மெட் என்றாலே ஜனங்களுக்குக் கோபம் வரும். கோபத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால், "சரி, ஓட்டுறவர் மட்டும் போடட்டும்" என்பது எல்லா அரசாங்கத்துக்கும் வசதியான சமரசம்.

வேடிக்கை என்னவென்றால், புடவையைப் பற்றி நம் விதிகள் கவலைப்பட்டிருக்கின்றன. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதியைப் பாருங்கள். பின்னால் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் வேண்டும், உடை சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும். நாம் 'சாரி கார்டு' என்று சொல்கிறோமே, அது இந்த விதியின் குழந்தைதான். முந்தானை சக்கரத்தில் மாட்டாமல் பார்த்துக்கொண்ட ஊரில், முந்தானைக்கு மேலே இருந்த தலை மட்டும் விதிவிலக்கில் போய்விட்டது.

கோர்ட்டுக்குப் போன சுதந்திரம்

ஹெல்மெட் போடச் சொல்வது என் சுதந்திரத்தில் தலையிடுவது என்று நம்மில் பலர் இன்னும் சொல்கிறோம். அந்த வாதம் புதிதல்ல. ஆந்திரப் பிரதேச அரசு ஹெல்மெட் விதி போட்டபோது அஜய் கனு என்பவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். நாட்டுக்குள் தாராளமாக நடமாடும் உரிமையைப் பறிக்கிறது என்றார். 1988இல் கோர்ட் அதை ஏற்கவில்லை. பொது நன்மைக்காகச் செய்யப்படும் ஒரு காரியத்துக்கு எதிராக அடிப்படை உரிமை என்று எதுவும் கிடையாது, விதி உங்களை நடமாட விடாமல் தடுக்கவில்லை, உங்கள் உயிரைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது என்ற கருத்தில் மனுவைத் தள்ளிவிட்டது.

ஆக, 1988லேயே சட்டம் இருந்தது. கோர்ட்டின் சம்மதமும் இருந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் யாரை விட்டுவிடலாம் என்ற கணக்குதான்.

டெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெண்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்றபோது, சீக்கியப் பெண்கள் தொப்பி மாதிரி எதையும் அணிவது தங்கள் மரபுக்கு ஒவ்வாது என்று சீக்கிய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அது அவர்கள் நம்பிக்கை, மதிக்க வேண்டியதுதான். ஆனால் தலைப்பாகை கட்டாத ஒரு பெண் சீக்கியரா இல்லையா என்று சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கடைசியில் 1999இல் சீக்கியர், சீக்கியர் அல்லாதவர் என்ற பேச்சே இல்லாமல், எல்லாப் பெண்களுக்கும் ஹெல்மெட் 'விருப்பம் இருந்தால்' என்று விதியை மாற்றினார்கள். ஓட்டினாலும் சரி, பின்னால் உட்கார்ந்தாலும் சரி. இந்த விதி பதினைந்து வருஷம் இருந்தது. 2014 ஆகஸ்டில்தான் டெல்லியில் பெண்களுக்கும் கட்டாயம் என்று மாறியது, சீக்கியப் பெண்களுக்கு மட்டும் விலக்கு.

நம்ம ஊர் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1ஆம் தேதி ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவித்தார்கள். அந்த வாரம் போனில் அப்பா சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "கடையில ஹெல்மெட் ஸ்டாக் இல்லடா, ரேஷன் மாதிரி க்யூ." எப்படியோ ஒன்று வாங்கிவிட்டார். போலீஸ் ஸ்டேஷன் தாண்டும் வரை தலையில் இருக்கும், அப்புறம் டேங்க் மேல். அடுத்த பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குப் போனபோது அம்மா அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருந்தார். அப்பா வீட்டில் மட்டுமல்ல, மாநிலம் முழுக்கவே வேகம் குறைந்துவிட்டது. மறுபடி 2015 ஜூலை 1 முதல், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் போட்ட உத்தரவால், ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துக் கெடுபிடி வந்தது. மறுபடி கடைகளில் க்யூ.

பெங்களூரில் 2006 இறுதியில் ஓட்டுபவருக்குக் கண்டிப்பாக அமலானது. பின்னால் உட்காருபவருக்கு 2016 ஜனவரியில். நடுவில் ஒன்பது வருஷத்துக்கு மேல். எங்கள் 2009 அந்த இடைவெளியில்தான் விழுந்தது.

கோயம்புத்தூர் டாக்டர்

2016இல் கர்நாடகம் திடீரென்று ஏன் பின் சீட்டைப் பார்த்தது? அதன் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார் என்பது நான் பிற்பாடு தெரிந்துகொண்டது.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். நாள் தவறாமல் ரோட்டில் அடிபட்டு வருபவர்களைப் பார்க்கிறவர். சாலை விபத்துச் சாவுகளைத் தடுக்க இருக்கிற சட்டங்களையாவது ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லுங்கள் என்று 2012இல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல மனு போட்டார். புதுச் சட்டம் கேட்கவில்லை. இருப்பதைச் செய்யுங்கள் என்றார்.

2014 ஏப்ரல் 22 அன்று தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு அந்த வழக்கில் ஒரு குழுவை நியமிக்க உத்தரவிட்டது. அதற்கு ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைவரானார். அந்தக் குழு மாநிலங்களை விடாமல் துரத்தியது. எத்தனை லைசென்ஸ் சஸ்பெண்ட் செய்தீர்கள், ஹெல்மெட் இரண்டு பேருக்கும் அமலாகிறதா, கணக்குக் கொடுங்கள் என்று கேட்டது. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் என்று மாநிலங்கள் ஒவ்வொன்றாக அசைந்து கொடுத்ததில் அந்தக் குழுவின் நெருக்கடிக்குப் பெரும் பங்கு உண்டு.

2019இல் மத்திய சட்டமே திருத்தப்பட்டது. அதுவரை ஹெல்மெட் போடாததற்கு அபராதம் நூறு ரூபாய். 2019 செப்டம்பர் 1 முதல் 1000 ரூபாய், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் என்று 129ஆம் பிரிவும் தெளிவாக எழுதப்பட்டது. அந்த மாதமே குஜராத், கர்நாடகம் என்று மாநிலங்கள் அபராதத்தை 500 ஆகக் குறைத்ததும் நடந்தது. மறுபடி அதே சமரசம்! நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 2022 பிப்ரவரியில் தனி விதி அறிவித்தார்கள். குழந்தையைப் பெரியவரோடு சேர்த்துப் பிடிக்கும் பெல்ட், குழந்தைக்கு ஏற்ற ஹெல்மெட், வேகம் 40க்குள். அது ஒரு வருஷம் கழித்து அமலுக்கு வந்தது.

"இங்கதானே, பக்கத்துலதானே"

ஹெல்மெட் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கழுத்து வலிக்கிறது, முடி கொட்டுகிறது, ஹாரன் காதில் விழவில்லை, ஊருக்குள் முப்பதில்தானே போகிறோம். புனேயில் 2019 ஜனவரியில் போலீஸ் கெடுபிடி ஆரம்பித்தபோது, ஹெல்மெட்டுக்குப் பதில் புனேரி தலைப்பாகை கட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பஜாஜ் ஸ்கூட்டர் பிறந்த ஊர் அது.

அந்த முப்பது கிலோமீட்டர் வாதத்துக்கு மட்டும் என்னிடம் பதில் உண்டு, பள்ளிக்கூட இயற்பியல். தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் கீழே வந்தால், தரையில் படும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அதே கதைதான். தார் ரோடு அந்த வேகத்தைக் கண் சிமிட்டும் நேரத்தில் பூஜ்யமாக்கிவிடும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் மாதிரியான நுரை நசுங்கி, அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, ஹெல்மெட் சாவின் அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தின் அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று சொல்கிறது.

நுரை இல்லாத தொப்பிக்கு இது பொருந்தாது. பிளாட்பாரத்தில் நூறு, இருநூறுக்கு விற்ற அரை ஹெல்மெட்டுகள் எல்லாம் போலீஸ்காரரிடமிருந்து தலையைக் காப்பாற்ற மட்டுமே. 2018 தொடக்கத்தில் மைசூரிலும் பெங்களூரிலும் போலீசார் அவற்றைப் பறிமுதல் செய்யக் கிளம்பினார்கள். ஆனால் எது தரமானது, எது போலி முத்திரை என்று ரோட்டில் நின்றபடி பார்த்துச் சொல்ல முடியாதே என்ற சிக்கலில் அது நின்றது. விற்பவனை விட்டுவிட்டு வாங்கியவனைப் பிடித்தால் அப்படித்தான் ஆகும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட் செய்வதும் விற்பதுமே சட்டப்படி தடை. இது சரியான இடத்தில் கை வைத்தது என்பேன்.

கணக்கு எங்கே நிற்கிறது? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. இதில் ஓட்டியவர்கள் 35,692, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 14,337. கடைசி எண்ணைப் படித்த அன்று நான் தங்கமணியிடம் காட்டவில்லை. அவரே பின்னால் நின்று படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். மூக்கு போனாலும் உயிரோடு திரும்பியவர் அவர். இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் திரும்பாதவர்கள்.

பிடிபடுவோம் என்ற பயம்

சட்டம் போட்டால் மட்டும் ஆகுமா? வியட்நாமைப் பாருங்கள். நம்மைவிட மோசமாக இருசக்கர வாகனங்களை நம்பியிருக்கும் நாடு. 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலையிலும், ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்றார்கள். முன்கூட்டியே சொல்லி, தேதி குறித்து, அன்று காலை முதல் போலீஸ் நின்றது. கணக்கெடுத்த இடங்களில் ஹெல்மெட் போடுபவர்கள் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் சிறு பிள்ளைகளுக்கு அபராத விதி சரியாக இல்லை. விளைவு, பெரியவர்கள் தலையில் ஹெல்மெட், நடுவில் உட்கார்ந்த பிள்ளை வெறும் தலை. 2010இல் கூட்டிப்போகும் பெரியவருக்கு அபராதம் என்று அந்த ஓட்டையை அடைத்தார்கள். எந்தத் தலையைச் சட்டம் விடுகிறதோ அந்தத் தலையை நாமும் விட்டுவிடுகிறோம். அங்கேயும் அப்படி, இங்கேயும் அப்படி.

பெங்களூரில் 2022 டிசம்பரில் 50 சந்திப்புகளில் கேமரா அமைப்பு வந்தது. ஹெல்மெட் இல்லாதவர், மூன்று பேர் போகிறவர், சிவப்பில் பாய்கிறவர் என்று அதுவே பிடித்து நோட்டீஸ் அனுப்பும். கெஞ்ச முடியாது, ஐம்பது ரூபாய் நீட்ட முடியாது, மாமா இன்ஸ்பெக்டர் என்று சொல்ல முடியாது. ஆனால் நோட்டீஸ் வந்தால் கட்ட வேண்டுமே! 2023 பிப்ரவரியில் பழைய அபராதத்தில் பாதி தள்ளுபடி என்று அறிவித்தார்கள். ஜனங்கள் க்யூவில் நின்று கட்டினார்கள். சில நாட்களில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூல். பெரிய வெற்றி என்று பேப்பரில் படம் போட்டார்கள். எனக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. அத்தனை கோடி கட்டாமல் கிடந்தது என்றால், அத்தனை தடவை சட்டம் நம் வாசல் வரை வந்துவிட்டு ஒன்றும் ஆகாமல் திரும்பியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? தள்ளுபடிக்குக் காத்திருந்தவனுக்கு லாபம், அன்றே கட்டியவனுக்கு நஷ்டம். அதன் பிறகும் இதே தள்ளுபடி வந்தது.

அபராதம் 1000 ஆ 500 ஆ என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. போடாமல் போனால் கட்டாயம் பிடிபடுவோம், பிடிபட்டால் கட்டாயம் கட்டுவோம் என்ற நம்பிக்கை ஜனங்களுக்கு வர வேண்டும், அதுவும் வண்டியில் இருக்கும் எல்லாத் தலைக்கும். ஒரு வாரக் கெடுபிடியும் ஒரு வருஷ மறதியும் வெங்காயம் போட்டு வைக்கத்தான் பயன்படும்.

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இப்போது மூன்று ஹெல்மெட் தொங்குகின்றன. மூன்றாவது மகளுடையது. அதை வாங்கும்போது தங்கமணி கடைக்காரரிடம் அரை மணி நேரம் நுரையை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இந்தக் கதையை உங்களிடம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பெங்களூரிலும் புனேயிலும் டெல்லியிலும் ஹெல்மெட் போட்டுப் பழகிவிட்டோம். ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போய் இறங்கியதும், அப்பாவின் டி.வி.எஸ். ஃபிப்டியை எடுத்துக்கொண்டு, அம்மாவைப் பின்னால் வைத்து, "இங்கதானே, பக்கத்துலதானே" என்று கோயிலுக்குக் கிளம்புகிறோம். போன பொங்கலுக்கு நான் அம்மாவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக்கொண்டு போனேன். "கொண்டையில நிக்காதுடா, பூ நசுங்கிடும்" என்றார். மருமகள் ஒன்றும் பேசாமல் அத்தையின் கொண்டையை அவிழ்த்துத் தாழ்வாகப் பின்னி, ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்து, தாடைக்கும் வாருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பூவை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

"கோயில்ல போய் வச்சுக்குங்க அத்தை."

அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய், வெங்காயத்தைக் கொட்டிவிட்டுத் தன் ஹெல்மெட்டை எடுத்து வந்தார். அது 2007இல் வாங்கியது, நுரையெல்லாம் உதிர்ந்துவிட்டது. புதிதாக ஒன்று அடுத்த நாளே வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

பி.கு.: ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே நுரை நசுங்கியிருக்கும். என்னுடைய 2009 ஹெல்மெட் பரணில் கிடக்கிறது. போடுவதற்கில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.